அஞ்சு நிமிஷ வேலி

எங்கள் பக்கம் வேலி என்றால் கிளுவைதான். காங்கேயத்தைச் சுற்றியுள்ள கொறங்காடுகளில் பார்த்திருப்பீர்கள். ஆள் உயரத்துக்கு முள்ளும் கிளையுமாகப் பின்னிக்கொண்டு நிற்கும். உள்ளே மாடும் எருமையும் அதுபாட்டுக்கு மேயும், மேய்க்க ஆள் வேண்டாம். என் அப்பிச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, அப்படி ஒரு காடு இருந்தது. வருடம் தவறாமல் மழைக்கு முன்னால் வேலி அடைக்க ஆள் கூப்பிடுவார். எங்கே சந்து விழுந்திருக்கிறதோ அங்கே கிளுவைப் போத்தை நட்டு, அது துளிர்க்கும் வரைக்கும் முள்ளைக் கொண்டுவந்து கட்டுவார்கள். "வேலி வெக்கிறது ஒரு வருசத்து வேலை, அடைக்கிறது ஆயுசுக்கும் வேலைடா பையா" என்பார். அவர் போனபிறகு மாமாக்கள் யாரும் அடைக்கவில்லை. இப்போது அங்கே வேலி இருக்கிறது என்று சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

2025 ஜனவரியில் பல்லடம், திருப்பூர் பக்கம் பங்களாதேஷ்காரர்கள் கூட்டமாகப் பிடிபட்ட செய்தி வந்த நாளில் அப்பிச்சியின் ஞாபகம் வந்தது. டீக்கடையில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. போலி ஆதார் வைத்திருந்தார்களாம், பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்தார்களாம். "எல்லை பூராவும் ஒழுங்கா வேலியைப் போட்டுட்டா இவனுக எப்படீங்க வருவானுக?" என்று கேட்டார் ஒரு செக்கிங் காண்டிராக்டர். கேட்டவரிடமே இருபது வங்காளிப் பையன்கள் வேலை செய்கிறார்கள். எல்லோரும் மேற்கு வங்கத்து மால்டா, முர்ஷிதாபாத் என்று அவர் சொல்வார். இருக்கலாம்.

நான் பதில் சொல்லவில்லை. டீக்கடையில் சொல்லக்கூடிய நீளத்தில் என்னிடம் பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலியே கூடாது, எல்லையே கூடாது என்று பேசுகிற ஆள் நான் இல்லை. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று ஒரு நாடு தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டீக்கடையில் பேசியவர்கள் நினைப்பதுபோல வேலி அந்த வேலையைச் செய்கிறதா என்பதுதான் என் கேள்வி. நான் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வேலை விஷயமாக டாக்காவுக்கு நாலைந்து முறை போயிருக்கிறேன். 2023 டிசம்பரில் அந்த வேலிக்குப் பக்கத்திலேயே போய் நிற்கவும் ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

எங்கள் கம்பெனியின் கொல்கத்தா முகவரை நான் தாதா என்று கூப்பிடுவேன். வங்காளத்தில் அது அண்ணன். வீட்டில் என் பையன் அதைக் கேட்டுவிட்டு "அப்பா ஏதோ ரௌடிகூட பேசறார்" என்று அம்மாவிடம் சொன்னது தனிக்கதை. அவர் சொந்த ஊர் மேற்கு வங்கத்தில் நதியா மாவட்டம், எல்லையை ஒட்டிய கிராமம். நதியாவுக்கே ஒரு கதை உண்டு. 1947 ஜூலையில் இந்தியாவுக்கு முதல் தடவையாக வந்த ராட்கிளிஃப் என்ற வக்கீல் ஐந்து வாரத்தில் கோடு கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் நதியாவின் பெரும்பகுதி முதலில் பாகிஸ்தான் பக்கம் என்று ஆகி, அப்புறம் திருத்தப்பட்டது. அதனால் அங்கே சில ஊர்களில் இன்றைக்கும் ஆகஸ்ட் 18-ஆம் தேதி கொடி ஏற்றுகிறார்கள். மூன்று நாள் வேறு நாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த ஊர்கள் அவை.

தாதாவின் சித்தப்பாவுக்கு மூன்று பிகா நிலம். ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைச்சல். அது வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பங்களாதேஷில் இல்லை, இந்தியாவில்தான். முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் தாதா மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். எல்லைக் கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் இரண்டு நாடும் பாதுகாப்புக் கட்டுமானம் எதுவும் எழுப்பக் கூடாது என்று 1975-இல் பேசி முடித்திருக்கிறார்கள். வேலி பாதுகாப்புக் கட்டுமானம் இல்லை என்பது இந்தியாவின் வாதம், அதுவும் அப்படிப்பட்ட கட்டுமானம்தான் என்பது பங்களாதேஷின் வாதம். கடைசியில் பெரும்பாலான இடங்களில் நம் மண்ணுக்குள்ளேயே 150 கஜம் தள்ளி வேலி எழுந்தது. ஆறு வளைகிற இடத்தில், சதுப்பு நிலத்தில் இன்னும் தள்ளி. அன்றிரவு ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் 150 கஜம் மட்டும்தான் விட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலே லட்சம் ஏக்கருக்கு மேல் வருகிறது. இந்திய நிலம், இந்திய வேலிக்கு வெளியே.

சித்தப்பாவோடு காலையில் கேட்டுக்குப் போனோம். வேலி நான் நினைத்ததைவிடப் பெரியது. இரண்டு வரிசை இரும்புத் தூண், இரண்டிலும் முள்கம்பி, நடுவில் சுருள் சுருளாக அறுக்கும் கம்பி. உயரம் என்னைப்போல ஒன்றரை ஆள். இந்தப் பக்கம் ரோந்துச் சாலை, வரிசையாக ஃபிளட்லைட் கம்பங்கள். கேட் திறப்பதற்குக் குறிப்பிட்ட நேரம் உண்டு. பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். சைக்கிள், உர மூட்டை, மண்வெட்டி, ஒரு கிழவியிடம் இரண்டு ஆடு. ஆளுக்கொரு வாக்காளர் அட்டையைக் கொடுத்து, நோட்டில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போக வேண்டும். உள்ளே என்று எழுதுகிறேன், வெளியே என்றும் எழுதலாம். சாயங்காலம் கேட் பூட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். சணல் மாதிரி உயரமாக வளர்கிற பயிர் போட்டால் மறைப்பு ஆகிவிடும் என்று தகராறு வரும். நதியாவில் சணல் போடாதே என்பது தஞ்சாவூரில் நெல் போடாதே என்பதுபோல.

வேலியில் ஒரு இடத்தில் மரப்பெட்டிகள் வரிசையாகத் தொங்கின. என்ன என்று கேட்டேன். தேனீ வளர்க்கிறார்களாம். அந்த வருடம் நவம்பரில்தான் எல்லைப் பாதுகாப்புப் படை அந்த வட்டாரத்தில் அதைத் தொடங்கியிருந்தது. கம்பியை வெட்ட வருகிறவனைத் தேனீ பார்த்துக்கொள்ளும், ஊர்க்காரர்களுக்குத் தேன் வருமானம். இத்தனை இரும்பு, இத்தனை வெளிச்சம், இத்தனை துப்பாக்கி எல்லாம் வைத்துவிட்டு, கடைசியில் தேனீயிடம் வந்து நிற்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசனை நல்ல யோசனை, சொல்ல வேண்டும்.

கேட்டில் நோட்டு எழுதிக்கொண்டிருந்த ஜவான் என் இந்தியைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சார் தமிழா?"

வேலூர்ப் பக்கமாம். ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளம் என்றார். ரொம்ப நாள் கழித்துத் தமிழ் பேசக் கிடைத்த சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் பேசினார். மனைவிக்கு வளைகாப்பு, லீவு கிடைக்குமா தெரியவில்லை. பனி இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாது. நான் டீக்கடைக் கேள்வியைத்தான் கேட்டேன், இந்த வேலி ஆளைத் தடுக்குமா என்று.

"தடுக்காது சார். லேட் பண்ணும். கட்டர் வெச்சு வெட்டவோ, மூங்கில் ஏணி போட்டு ஏறவோ ஒரு அஞ்சு நிமிஷம் ஆவும். அதுக்குள்ள நாங்க போயிட்டா இது வேலி. போவலன்னா வெறும் கம்பி."

அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மாட்டையே மூங்கில்ல கட்டித் தூக்கி அந்தாண்ட இறக்கறானுங்க சார், மனுசன் எம்மாத்திரம்" என்றார். அதிகாரி ஒருவர் ஜீப்பில் வருவது தெரிந்ததும் மறுபடியும் இந்திக்குப் போய்விட்டார்.

அந்த அஞ்சு நிமிஷத்தை நான் மறக்கவே இல்லை. இந்தியா–பங்களாதேஷ் எல்லை 4,096 கிலோமீட்டர். உலகத்திலேயே ஐந்தாவது நீளமான எல்லை என்கிறார்கள். மேற்கு வங்கத்தில் மட்டும் 2,217 கிலோமீட்டர், மீதி அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம். 2025 பிப்ரவரி நிலவரப்படி 3,232 கிலோமீட்டருக்கு வேலி போட்டாகிவிட்டது. மிச்சத்தில் 174 கிலோமீட்டர் வேலி போடவே முடியாத இடம் என்று அரசாங்கமே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. ஆறு, சதுப்பு, மலைச்சரிவு. இரண்டு நாட்டுக்கும் பொதுவான ஆறுகள் மட்டும் 54. அசாமில் துப்ரி பக்கம் பிரம்மபுத்திரா போகிற பாதையே வருடத்துக்கு வருடம் மாறுகிறது. நேற்றிருந்த மணல் திட்டு இன்றைக்கு இருக்காது, அதில் எங்கே தூண் நடுவது? 2019-இல் அங்கே 61 கிலோமீட்டருக்கு கேமராவும் சென்சாருமாக வைத்தார்கள். எல்லை நெடுக அஞ்சு நிமிஷத்துக்குள் போய்ச் சேர ஆள் வேண்டும், இரவு பகல், மழை பனி, வருடம் 365 நாளும். அதுதான் வேலியின் உண்மையான விலை. இரும்பின் விலை சும்மா முன்பணம்.

இரும்பும் நிற்கவில்லை. இந்த வேலி 1985 அசாம் ஒப்பந்தத்தில் பிறந்தது. அசாமில் ஆறு வருடம் வெளிநாட்டவர் எதிர்ப்புக் கிளர்ச்சி நடந்து, 1983-இல் நெல்லியில் ஒரே காலையில் ஆயிரக்கணக்கானோரை வெட்டிச் சாய்த்த பிறகு கையெழுத்தான ஒப்பந்தம். எல்லையில் தடுப்பு எழுப்புவோம் என்று அதில் ஒரு பிரிவு. முதல் கட்ட வேலி வங்காளத்து ஈரத்தில் துருப்பிடித்துப் போய், சுமார் 860 கிலோமீட்டர் அளவுக்கு மாற்றிப் போட வேண்டியதாயிற்று. அப்பிச்சி கேட்டிருந்தால் "கிளுவை வெச்சிருக்கலாமுங்க" என்றிருப்பார்.

சரி, வேலி போட்ட இடங்களில் வருகை குறையவில்லையா? குறைந்த இடங்கள் உண்டு, மறைக்கக் கூடாது. இஸ்ரேல் எகிப்து எல்லையில் சினாய்ப் பாலைவனத்தை ஒட்டி இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கு வேலி போட்டது. 2011-இல் எரித்ரியா, சூடானிலிருந்து அந்த வழியாக 17,000 பேர் வந்தார்கள். 2013-இல் அது ஐம்பதுக்கும் கீழே இறங்கிவிட்டது. வேலிக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் காட்டுகிற உதாரணம் இது, நியாயமான உதாரணமும்கூட. ஆனால் அந்த இடத்தைப் பாருங்கள். ஆள் நடமாட்டமில்லாத வறண்ட மலை, ஆறு கிடையாது, வேலிக்கு வெளியே சொந்த நிலம் வைத்திருக்கும் சித்தப்பா கிடையாது. அதோடு கூடவே, பிடிபட்டால் நீண்ட நாள் காவலில் வைக்கலாம் என்று சட்டத்தையும் மாற்றினார்கள். இதை நதியாவோடு ஒப்பிடுவது காட்டு வேலியையும் ஊர்த் தெருவையும் ஒப்பிடுகிற மாதிரி. நம் எல்லையில் ஹிலி போன்ற ஊர்களில் ரயில் தண்டவாளத்தை ஒட்டியே எல்லை போகிறது. இந்த வீட்டுக் கொல்லையில் நின்று கையை நீட்டினால் அந்த நாடு.

இன்னொரு உதாரணம், ஸ்பெயினுக்கு ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் சியூட்டா. மொராக்கோவை ஒட்டிய சின்ன ஊர். எட்டுக் கிலோமீட்டருக்கு உயர உயரமாக இரட்டை வேலி. 2021 மே மாதம் ஸ்பெயினோடு ஏதோ மனத்தாங்கல் வந்து மொராக்கோ காவலைத் தளர்த்தியது. இரண்டே நாளில் சுமார் 8,000 பேர் வந்துவிட்டார்கள். யாரும் வேலியை உடைக்கவில்லை. வேலி கடலில் போய் முடிகிற இடத்தைச் சுற்றி நீந்தியும் நடந்தும் வந்தார்கள். அத்தனை வருடமும் ஆளைத் தடுத்துக்கொண்டிருந்தது எது என்று அந்த இரண்டு நாளில் தெரிந்துபோனது. பக்கத்து நாட்டுப் போலீஸ்தான்.

அமெரிக்கா விஷயம் எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1993-இல் எல் பாசோவிலும் 1994-இல் சான் டியேகோவிலும் வேலியும் காவலும் நெருக்கமானதும் ஆட்கள் அரிசோனா பாலைவனத்துக்குத் திரும்பினார்கள். தாகத்தில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அதற்கு முன்னால் மெக்ஸிகோ ஆண்கள் தக்காளி, திராட்சை அறுவடைக்கு வந்துவிட்டு வேலை முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார்கள், நம் ஊரில் கரும்பு வெட்ட வருகிறவர்கள் மாதிரி. திரும்பி வருவது கஷ்டம் என்றானதும் போவதை நிறுத்தினார்கள். பெண்டாட்டி பிள்ளைகளையும் அங்கேயே வரவழைத்துக்கொண்டார்கள். டக்ளஸ் மாஸ்ஸி என்ற சமூகவியலாளர் பல வருடம் மெக்ஸிகோ கிராமங்களில் ஆய்வு செய்து இதைத்தான் சொன்னார். உள்ளே வராமல் தடுக்கப் போட்ட வேலி, உள்ளே இருந்தவர்களை வெளியே போகவிடாமல் நிறுத்திக்கொண்டது.

டிரம்பின் முதல் ஆட்சியில் 458 மைலுக்குச் சுவர் எழுந்தது, பெரும்பகுதி பழைய வேலியை எடுத்துவிட்டுப் புதிது வைத்தது. முப்பதடி உயர இரும்புத் தூண்களைக் கடையில் கிடைக்கும் பேட்டரி ரம்பத்தால் அறுத்தார்கள். அத்தனையும் நின்றுகொண்டிருக்கும்போதே 2022-இல் ஒரே வருடத்தில் 22 லட்சம் தடவை ஆட்கள் பிடிபட்டார்கள். 2025-இல் அதே எல்லையில் அது பல மடங்கு சரிந்தது. இடையில் சுவர் அதிகம் வளர்ந்துவிடவில்லை. அடைக்கலம் கேட்கும் வழியை மூடினார்கள், பிடித்தவர்களை உடனே திருப்பி அனுப்பினார்கள், மெக்ஸிகோவும் தன் பக்கம் பிடித்தது. அந்த முறைகள் சரியா என்பது வேறு விவாதம், எனக்கு அதில் நிறைய ஒப்புதல் இல்லை. 2022-இலும் 2025-இலும் சுவர் ஏறக்குறைய அதே சுவர் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன்.

அப்புறம் அங்கே சட்டவிரோதமாக இருப்பவர்களில் பெரிய பங்கு சுவரைப் பார்த்ததே இல்லை. விசா வாங்கி, விமானத்தில் வந்து, விசா முடிந்ததும் திரும்பாதவர்கள். நம் கதையிலும் இது உண்டு. டாக்காவிலிருந்து ஒரு தடவை நான் தரை வழியாக பேனாபோல்–பெட்ராபோல் சோதனைச் சாவடியைக் கடந்து கொல்கத்தா வந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் பாதிப் பேர் வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள். எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். பல வருடங்களில் இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டவரில் பங்களாதேஷ்காரர்களுக்குத்தான் முதலிடம். பெரும்பாலோர் திரும்பிப் போகிறார்கள், சிலர் போவதில்லை. அவர்களுக்கு எந்த வேலி?

வேலி எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தலால், அதாவது ஆளைக் கடத்திவிடும் தரகர், கேட்கும் தொகையை ஏற்றியிருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு தலால், இந்தப் பக்கம் ஒரு தலால், நடுவில் எந்த நேரம் எந்த கேட்டில் யார் என்று தெரிந்த ஒரு ஆள். வேலி எவ்வளவு உயருகிறதோ அவ்வளவுக்கு இவர்கள் பிழைப்பும் உயரும். வேலியே பயிரை மேய்ந்த கதையும் உண்டு. 2018-இல் அந்த எல்லையில் வேலை பார்த்த எல்லைப் பாதுகாப்புப் படை கமாண்டன்ட் ஒருவரை ஆலப்புழை ரயில் நிலையத்தில் பெட்டி நிறையப் பணத்தோடு சிபிஐ பிடித்தது. நாற்பது லட்சத்துக்கு மேல். கடத்தல்காரர்கள் கொடுத்த லஞ்சம் என்பது வழக்கு. அந்தப் படையில் நோட்டும் பேனாவுமாக நாள் பூராவும் நின்றுகொண்டிருக்கும் வேலூர்க்காரர்கள்தான் அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் செய்திருக்கிறது. 2011 ஜனவரி 7, விடியற்காலை, நல்ல பனி. பங்களாதேஷின் குரிகிராம் மாவட்டத்து எல்லையில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி அப்பாவோடு மூங்கில் ஏணியில் ஏறினாள். உடுப்பு முள்கம்பியில் சிக்கியது. பயத்தில் கத்தினாள். சுட்டார்கள். உடல் மணிக்கணக்கில் அந்தக் கம்பியிலேயே தொங்கியது. அந்தப் படம் உலகம் பூராவும் போனது. சுட்ட காவலரைப் படையின் நீதிமன்றம் இரண்டு முறை விசாரித்து இரண்டு முறையும் விடுவித்தது.

இந்தச் சம்பவத்தை எழுதுகிறவர்கள் பலரும் விட்டுவிடுகிற ஒரு விவரம் இருக்கிறது. அவள் இந்தியாவுக்குள் வரவில்லை. இந்தியாவிலிருந்து போய்க்கொண்டிருந்தாள். ஊரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. குடும்பம் இந்தப் பக்கம் வந்து பிழைத்துக்கொண்டிருந்தது, பெண்ணுக்குக் கல்யாணம் என்றதும் ஊருக்குத் திரும்பினார்கள். போகட்டும் என்று நாம் ஆசைப்படுகிற அதே போக்கு. அதைத்தான் கம்பி பிடித்துக்கொண்டது.

வேலியைவிட அதிகமாக வருகையைக் குறைத்தது எது என்று கேட்டால் நான் டாக்காவுக்கு வெளியே, ஆஷுலியா போகிற சாலையைக் காட்டுவேன். காலை ஏழரை மணிக்கு அந்தச் சாலையில் கார் நகராது. சாலை முழுக்கப் பெண்கள், கையில் டிபன் கேரியர், வேக வேகமாகக் கம்பெனிக்கு நடக்கிறார்கள். ஆடைத் தொழிலில் மட்டும் சுமார் 40 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். எழுபதுகளில் ஒரு பெண்ணுக்கு ஏழு பிள்ளை என்றிருந்த நாட்டில் இப்போது இரண்டுக்குப் பக்கம். எங்கள் ஆர்டர்களை அவர்கள் பறித்துக்கொண்டு போகிறார்கள் என்று திருப்பூரில் நாங்கள் இருபது வருடமாகப் புலம்புகிறோம், மீட்டிங் போடுகிறோம், மனு கொடுக்கிறோம். அந்த ஆர்டர் ஒவ்வொன்றும் எத்தனை பேரை அவரவர் ஊரிலேயே நிறுத்தியிருக்கும் என்று யாரும் கணக்குப் போட்டதில்லை. என் தொழிலுக்கு இது கசப்பான கணக்கு. எழுதும்போதே நாக்கில் தெரிகிறது.

இப்போது மறுபடியும் திருப்பூர். நதியாவில் அஞ்சு நிமிஷம் தாமதமாகிறவன் இங்கே வந்து சேர்ந்தபின் எத்தனை நிமிஷம் தாமதமாகிறான்? ஒரு நிமிஷம்கூட இல்லை. காண்டிராக்டர் ஆதார் ஜெராக்ஸை நீட்டுகிறார், கம்பெனி ஃபைலில் போடுகிறது, பையன் அயர்னிங் டேபிளில் நிற்கிறான். பீஸ் ரேட். ஒன்றரை ஷிப்ட். ஆர்டர் போக வேண்டிய வாரத்தில் அந்த ஜெராக்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் முதலாளியை நான் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஷிப்மென்ட் தேதியைக் கேட்டுக் கழுத்தில் ஏறி உட்காருகிறவன் நான்தானே.

செய்தி வந்த வாரம் மட்டும் எல்லோரும் துப்பறிவாளர் ஆகிவிட்டார்கள். "தண்ணிக்கு ஜொல்னு சொன்னா நம்மாளு, பானின்னு சொன்னா அந்த ஊரு" என்று ஒரு சூப்பர்வைசர் கண்டுபிடித்துச் சொன்னார். நான் தாதாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். சிரித்தார். முர்ஷிதாபாத் முஸ்லிம்களும் பானி என்றுதான் சொல்வார்கள், அவர்கள் இங்கே பத்துத் தலைமுறை என்றார். மால்டாக்காரனையும் எல்லைக்கு அந்தப் பக்கத்து ராஜ்ஷாஹிக்காரனையும் பேச்சை வைத்துப் பிரிக்க அவராலேயே முடியாதாம். அந்த வருடம் நடுவில் வேறு மாநிலங்களில் இப்படிப் பிரிக்கப் போய், மேற்கு வங்கத்துக் கூலித் தொழிலாளிகள் சிலரையே பங்களாதேஷுக்குள் தள்ளிவிட்டு, அப்புறம் ஊர்க்காரர்கள் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடித் திரும்ப அழைத்து வந்தார்கள். அசாமில் 3 கோடிக்கு மேற்பட்டவர்களிடம் காகிதம் கேட்டு 2019-இல் 19 லட்சம் பேரைக் குடிமக்கள் பட்டியலுக்கு வெளியே வைத்தார்கள். அதில் யார் எவர் என்பது இன்னும் முடியவில்லை. வேலிக்கு வெளியே இந்திய நிலம் இருப்பதுபோல, பட்டியலுக்கு வெளியேயும் இந்தியர்கள் இருக்கிறார்கள்.

என் நண்பரின் அயர்னிங் யூனிட்டில் ஒரு பையன் இருந்தான். இருபது இருபத்திரண்டு வயது. தமிழ் நன்றாகப் பேசுவான், கொங்குத் தமிழ், "ஆமாங்ணா, சரிங்ணா" என்று. ஆதாரில் மால்டா. சனிக்கிழமை சம்பளத்தில் பாதியை அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவான். எந்த ஊர் என்று யாரும் கேட்டதில்லை. போலீஸ் சோதனை என்று பேச்சு வந்த வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிடப் போனவன் திரும்பவில்லை. அறையில் துணிமணி அப்படியே இருந்ததாம். பயந்து ஓடியவன் பங்களாதேஷ்காரனா, அல்லது இந்தியனாக இருந்தும் நிரூபிக்க முடியாது என்று பயந்தவனா என்று நண்பர் என்னிடம் கேட்டார். எனக்கென்ன தெரியும்.

அந்த வாரச் சம்பளக் கவர் நண்பரின் மேஜை டிராயரில் ரப்பர் பேண்ட் போட்டு இன்னும் கிடக்கிறது. மேலே பென்சிலால் தொகை எழுதியிருக்கிறார், 4,350. திங்கட்கிழமையே காண்டிராக்டர் வேறொரு பையனைக் கொண்டுவந்து நிறுத்தினார். புத்தம் புது லேமினேஷன் போட்ட ஆதார்.

"ஒரிஜினலுங்ளா?" என்று நண்பர் கேட்டிருக்கிறார்.

"ஒரிஜினலுங்கோவ். ஜெராக்ஸ் ரெண்டா எடுத்து வெச்சுக்கங்க" என்றாராம் காண்டிராக்டர்.